பல ஒளிப்பதிவுகள், ஒரே இறுவட்டு: வீட்டு வீடியோக்களை அத்தியாயங்களாகத் தொகுக்கும் முறை

கிரவீன், பென்டில் ஹில், வென்ற்வேர்த்வில், ரூங்காபி ஆகிய பகுதிகளில் வாழும் நம்மவர் வீடுகளில் கராஜ் மூலையிலோ அலுமாரியின் மேற்தட்டிலோ ஒரு பெட்டி இருக்கும். அதனுள்ளே வீஎச்எஸ் கசெற்றுகள் சில, எட்டு மில்லிமீற்றர் கசெற்றுகள் சில, உள்ளங்கைக்குள் அடங்கும் மினி டீவீ கசெற்றுகள் சில என்று கலந்து கிடக்கும். சிலவற்றில் ஒட்டிய தாளில் எழுத்து மங்கிவிட்டது. சிலவற்றில் எழுத்தே இல்லை. மகளின் அரங்கேற்றம், தம்பியின் கலியாணம், ஹெலன்ஸ்பேர்க் ஆலயத்துக்குப் போன நாள், மேஸ் ஹில் முருகன் கோவிலின் 1999ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகம் என்று எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றன.

பல குடும்பங்களில் பிள்ளைகள் இவற்றுட் சிலவற்றைக் கணினிக்கு மாற்றி, வெட்டித் திருத்தியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி வேலையாக நிற்கிறது. இவற்றை ஒரே இறுவட்டில் சேர்த்து, வேண்டிய இடத்துக்குப் பொத்தானை அழுத்திப் போகும்படி அத்தியாயம் பிரிப்பது எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் நாம் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் அவசரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலிக் காப்பகம் 2015ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. காந்த நாடாவில் உள்ளவற்றை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதி மீளக் கிடைக்காது என்பதே அதன் சாரம். அந்த ஆண்டு வந்து போய்விட்டது. நாடா பழுதாவது ஒரு காரணம். நாடாவை ஓட்டும் இயந்திரம் இல்லாமற் போவது மற்றது. வீஎச்எஸ் இயந்திரம் செய்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் பூனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. பதிவு செய்யக்கூடிய புளூ ரே தட்டுகளையும் மினி டீவீ கசெற்றுகளையும் சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. நம் பகுதியின் வெயிலோ சொல்லத் தேவையில்லை. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. தகரக் கதவுடைய கராஜில் அன்று அந்தப் பெட்டி என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே முதல் வேலையாகப் பெட்டியை வீட்டுக்குள் எடுத்து வந்து, நிழலான உலர்ந்த இடத்தில் கசெற்றுகளை நிமிர்த்தி நிறுத்துங்கள்.

இந்தக் காலத்தில் இறுவட்டு ஏன், எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினால் என்ன என்று இளையவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எண்பது வயது அம்மம்மாவுக்கு ரிமோட்டில் அடுத்தது, முந்தையது என்ற இரண்டு பொத்தான்கள் தெரியும். கடவுச்சொல் தெரியாது. ஊரில் உள்ள உறவினருக்குத் தபாலில் அனுப்பவும் இறுவட்டு வசதி. இறுவட்டு செய்யும்போது உருவாகும் நல்ல கோப்புகளைக் கணினியிலும் வைத்திருக்கப் போகிறோம் ஆதலால் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர வேண்டியதில்லை.

புரொஜெக்ற் என்பது என்ன?

இதைத் தெளிவாக விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. திருத்தும் மென்பொருளில் நாம் சேமிக்கும் புரொஜெக்ற் என்ற கோப்பினுள் படம் இல்லை. எந்தக் கோப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும், எந்த விநாடியில் வெட்ட வேண்டும், எங்கே தலைப்பு எழுத வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. சமையற் குறிப்பு வேறு, சமைத்த சோறு வேறு அல்லவா? புரொஜெக்ற் கோப்பை மட்டும் ஒரு யூஎஸ்பியில் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக் கணினியில் திறந்தால், படங்களைக் காணவில்லை என்று அது முறையிடுவது இதனால்தான். சில மென்பொருள்களில் ஒரு புரொஜெக்ற்றை இன்னொன்றினுள் இறக்குமதி செய்யலாம். ஆனால் இரண்டும் ஒரே மென்பொருளில், பொருந்தும் பதிப்பில் செய்யப்பட்டிருக்க வேண்டும். அரங்கேற்றத்தை ஒரு பிள்ளை 2004இல் ஒரு மென்பொருளிலும் கலியாணத்தை இன்னொரு பிள்ளை 2012இல் வேறொன்றிலும் திருத்தியிருந்தால் இந்த வழி உதவாது.

உதவும் வழி இதுதான். ஒவ்வொரு புரொஜெக்ற்றையும் அதனதன் மென்பொருளில் திறந்து, முழுமையான ஒரு படக் கோப்பாக வெளியே எடுங்கள். இதை நாம் மூலப்பிரதி என்று சொல்வோம். மூலப்பிரதியை உயர்ந்த தரத்தில் எடுக்க வேண்டும். மினி டீவீயிலிருந்து வந்ததானால் அதே டீவீ வடிவில் எடுப்பது சிறந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 13 கிகாபைற் பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அது பெரிய சுமை அல்ல. இந்தக் கட்டத்திலேயே டிவிடிக்கு ஏற்றவாறு சுருக்கி எடுத்தால், பின்னர் சேர்க்கும்போது மென்பொருள் இன்னொரு முறை சுருக்கும். தேங்காய்ப் பூவை மூன்றாம் முறை பிழிந்தால் வரும் பால் எப்படியோ, இரண்டு முறை சுருக்கிய படமும் அப்படித்தான்.

மூலப்பிரதிகள் எல்லாம் தயாரானபின் புதிதாக ஒரு புரொஜெக்ற் திறந்து அவற்றை வரிசையாக இடுங்கள். பழைய திருத்தங்கள் எதையும் இப்போது தொட வேண்டியதில்லை. கசெற்றுக்குக் கசெற் சத்தத்தின் அளவு வேறுபடும். ஒன்றில் நாதஸ்வரம் காதைப் பிளக்கும், அடுத்ததில் ஐயரின் மந்திரம் கேட்காது. அதை மட்டும் இங்கே சமன் செய்துகொள்ளுங்கள்.

ஒன்றோடொன்று சேராதவை

நம்மைப் போல உலகெங்கும் உறவினர் உள்ள சமூகத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவுஸ்திரேலியா, இலங்கை, இந்தியா, இங்கிலாந்து, ஜேர்மனி, நோர்வே ஆகிய நாடுகளில் பால் என்ற முறையில் பதிந்தார்கள். விநாடிக்கு 25 படங்கள், டிவிடியில் 720க்கு 576 புள்ளிகள். கனடாவிலும் அமெரிக்காவிலும் என்ரீஎஸ்சி என்ற முறை. விநாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள், 720க்கு 480 புள்ளிகள். பிரான்சிலிருந்து வந்த கசெற்றாக இருந்தால் அது செக்காம் முறையாக இருக்கலாம். ரொறன்ரோ மாமா அனுப்பிய கலியாண வீடியோவையும் கிரவீனில் எடுத்த பிறந்தநாளையும் ஒரே இறுவட்டில் அப்படியே கலக்கக்கூடாது. இங்குள்ள இயந்திரங்களுக்காகச் செய்யும் இறுவட்டில் எல்லாவற்றையும் பாலுக்கு மாற்றுங்கள். மாற்றாத மூலப்பிரதியை அதன் முறையிலேயே தனியாக வைத்திருங்கள். கடையில் வாங்கும் படங்களில் உள்ள வலய எண் (அவுஸ்திரேலியாவுக்கு 4, இந்தியாவுக்கு 5) நாம் வீட்டில் செய்யும் இறுவட்டுக்குக் கிடையாது. எனவே அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்தது படத்தின் வடிவம். பழையவை நான்குக்கு மூன்று, புதியவை பதினாறுக்கு ஒன்பது. டிவிடியின் விதிப்படி ஒரே தலைப்புக்குள் இரண்டு வடிவங்கள் இருக்க முடியாது. பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பும் வழக்கம் நம்மவரிடையே பெருகிவிட்டது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். கோபுரம் குட்டையாகிவிடும், மணப்பெண் பருத்துவிடுவாள். இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டாலும் பாதகமில்லை.

கைத்தொலைபேசியில் எடுத்தவை சீரற்ற வேகத்தில் பதிந்திருப்பதுண்டு. அவற்றைச் சேர்த்தால் பத்தாவது நிமிடத்தில் வாய் அசைவும் குரலும் பிரிந்து நிற்கும். முதலில் சீரான 25 படங்களுக்கு மாற்றிய பின்னரே வரிசையில் இட வேண்டும். மினி டீவீ கமெராக்கள் பலவற்றில் ஒலியை 12 பிற், 32 கிலோஹேட்ஸ் என்று பதியும் வசதி இருந்தது. டிவிடிக்கு வேண்டியது 48 கிலோஹேட்ஸ். இதையும் மூலப்பிரதி எடுக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய கமெராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரு கூறாகப் பதிந்தன. டீவீயில் கீழ் வரி முதலில், பெரும்பாலான டிவிடி மென்பொருள்களில் மேல் வரி முதலில். இது மாறிப்போனால் நிற்கும் படத்தில் ஒன்றும் தெரியாது. தேர் அசையும் இடத்தில் மட்டும் விளிம்புகள் சீப்புப் பல் போலத் துடிக்கும். ஆகவே சோதித்துப் பார்க்கும்போது சுவாமி வீதிவலம் வரும் ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஆசீர்வாதப் படத்தை வைத்துச் சோதித்துப் பயனில்லை.

எவ்வளவு நேரம் கொள்ளும்?

சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைற். அதாவது 470 கோடி பைற். கணினி இதையே ஏறக்குறைய 4.38 என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு என்பதைத் தவிர அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிற். இரண்டு மணித்தியாலம் என்பது 7,200 விநாடி. வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 52 இலட்சம் பிற், அதாவது 5.2 மெகாபிற் வரும். படம், ஒலி, மெனு மூன்றும் இதற்குள் அடங்க வேண்டும். மூன்று மணித்தியாலம் திணித்தால் 3.5 மெகாபிற்றுக்கும் குறைந்துவிடும். டிவிடி படத்துக்கு உச்ச எல்லை 9.8 மெகாபிற் என்பதால், ஒரு மணித்தியாலம் மட்டும் பதிந்தாலும் அதற்குமேல் தரம் கூடாது.

ஒலியைச் சுருக்காமல் விட்டால் அது மட்டும் 1.5 மெகாபிற் தின்றுவிடும். டொல்பி முறையில் 0.2 மெகாபிற் போதும். கச்சேரிப் பதிவானால் மட்டும் இதைச் சற்றுக் கூட்டி வையுங்கள்.

நம் விழாக்களின் படங்கள் சுருக்குவதற்கு மிகவும் கடினமானவை என்பதையும் சொல்ல வேண்டும். யாகசாலைப் புகை, கற்பூரச் சுடர், பூமாரி, கும்பத்து நீர் தெறிக்கும் கணம் ஆகியவற்றில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு படத்திலும் மாறுகிறது. பிற் குறைந்தால் அந்த இடங்கள்தான் முதலில் சதுரம் சதுரமாக உடையும். வீஎச்எஸ் நாடாவின் இரைச்சலும் இதே தொல்லையைத் தரும். இறுவட்டு ஒன்றுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பதே எமது கருத்து. நான்கு மணித்தியாலக் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு இறுவட்டுகள் செய்யுங்கள். 8.5 கிகாபைற் கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டும் உண்டு. ஆனால் பழைய இயந்திரங்கள் சில, வீட்டில் பதிந்த இரட்டை அடுக்கை ஏற்க மறுக்கும்.

அத்தியாயம் எங்கே விழ வேண்டும்?

டிவிடியில் 99 தலைப்புகள் வரை வைக்கலாம். ஒவ்வொரு தலைப்பினுள்ளும் 99 அத்தியாயங்கள் வரை வைக்கலாம். நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவைக் காலை மாலை என்று பிரித்தாலும் ஒரே தலைப்பினுள் இடம் மிஞ்சும். முதியவர்கள் பார்ப்பதற்கானால் எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் அத்தியாயங்களாக இடுங்கள். தொடர்ந்து ஓடும், அடுத்தது பொத்தான் வேலை செய்யும். தனித்தனித் தலைப்பாக இட்டால் பல இயந்திரங்களில் ஒவ்வொன்றும் முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பிவிடும். அம்மம்மா ரிமோட்டைத் தேட வேண்டும். வடிவம் வேறுபடும் படங்களுக்கு மட்டும் தனித் தலைப்பு வையுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அத்தியாயத்தைத் தானே போட்டுத்தரும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. இதை எமக்குப் பிடிக்காது. தேவாரத்தின் நடுவிலும் தாலிகட்டும் வேளைக்கு நான்கு விநாடி பிந்தியும் அது வெட்டும். சேக்கிழார் பெரியபுராணத்தை இரண்டு காண்டம், பதின்மூன்று சருக்கம் என்று வகுத்தபோது பாட்டு எண்ணிக்கையைச் சம கூறாக்கவில்லை. சுந்தரரின் திருத்தொண்டத் தொகையை ஒட்டி அடியவர்களை வகுத்தார். தில்லைவாழந்தணர் சருக்கம் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே யார் வரப்போகிறார்கள் என்று வாசகனுக்குத் தெரிகிறது. நம் அத்தியாயங்களும் அப்படியே நிகழ்ச்சியை ஒட்டி விழ வேண்டும்.

அரங்கேற்றத்துக்கு இது எளிது. அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா, மங்களம் என்று மரபே பிரித்து வைத்திருக்கிறது. வர்ணம் நீண்டதாகையால் அதை இரண்டாக்கலாம். பிரதம விருந்தினர் உரைக்குக் கட்டாயம் தனி அத்தியாயம் இடுங்கள். அடுத்தது பொத்தானின் அருமை அங்கேதான் தெரியும். கலியாணத்துக்குப் பொன்னுருக்கல், மாப்பிள்ளை அழைப்பு, கன்னிகாதானம், கூறை கொடுத்தல், தாலிகட்டு, ஆசீர்வாதம். கும்பாபிஷேகம்தான் கடினம். கர்மாரம்பம், எண்ணெய்க்காப்பு, யாகசாலைப் பூசைகள், பூர்ணாகுதி, கும்பங்கள் வீதிவலம் வருதல், தூபி அபிஷேகம், மூலமூர்த்தி அபிஷேகம், பின்னர் மண்டலாபிஷேகம் என்று நாட்கணக்கில் நீளும். எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்பது கமெரா பிடித்தவருக்கே தெரிந்திருக்காது.

நுட்பமாக ஒன்று. டிவிடியில் எல்லாப் படங்களும் முழுப் படங்கள் அல்ல. இடையிடையே ஒரு முழுப் படமும் அதைத் தொடர்ந்து மாற்றங்களின் குறிப்புமாகப் பதிகிறது. பால் முறையில் ஒரு கூட்டத்துக்கு அதிகம் போனால் 15 படங்கள், அதாவது 0.6 விநாடி. அத்தியாயம் முழுப் படத்தில்தான் தொடங்க முடியும். சுருக்குவதற்கு முன்னரே குறியிட்டால் மென்பொருள் அந்த இடத்தில் முழுப் படத்தை வைத்துக்கொள்ளும். சுருக்கிய பின் குறியிட்டால் அரை விநாடி தள்ளி விழலாம். கெட்டிமேளம் தொடங்குவதற்கு ஒரு விநாடி முன்னரே குறியிட்டால் முதல் அடி தவறாது.

எந்த வரிசையில் அடுக்குவது என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. பத்து வருடத் திருவிழாப் பதிவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு ஆண்டாக அடுக்குவதா, கொடியேற்றம் பத்தையும் ஓரிடத்தில், தேர் பத்தையும் ஓரிடத்தில் வைப்பதா? திருமுறைகளை எண்ணிப் பாருங்கள். தில்லையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளிலிருந்து எஞ்சியதை மீட்ட நம்பியாண்டார் நம்பி, சம்பந்தர் பாடல்களை முதல் மூன்று திருமுறைகளாகவும் அப்பர் பாடல்களை நான்கு, ஐந்து, ஆறாகவும் சுந்தரர் பாடல்களை ஏழாகவும் வகுத்தார் என்பது மரபு. அதே பதிகங்களைப் பண்முறையாக அடுக்கிய பதிப்பும் உண்டு, தலமுறையாக அடுக்கிய பதிப்பும் உண்டு. ஓதுவாருக்கு ஒன்று உதவும், தலயாத்திரை போகிறவருக்கு மற்றது உதவும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி மூலப்பிரதி வைத்திருந்தால் நாமும் இரண்டு வகையிலும் இறுவட்டு செய்யலாம். வீட்டுக்கு ஆண்டு வரிசை, ஆலய நூலகத்துக்கு நிகழ்ச்சி வரிசை.

மெனுவும் தமிழ் எழுத்தும்

பழைய டிவிடி மென்பொருள்களில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். 'கொடியேற்றம்' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே வராமல் பின்னே போய் நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய பட்டியல்களோ அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குழப்பமாகத் தெரியும். இதற்கு எளிய பரிகாரம், மெனுவை வேறொரு மென்பொருளில் சரியான தமிழில் எழுதி, ஒரு படமாகச் சேமித்து, அந்தப் படத்தை மெனுவின் பின்னணியாக இடுவதுதான். அதன்மேல் பொத்தான்களை மட்டும் வைக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு பெயர்களுக்கு மேல் வேண்டாம். பழைய தொலைக்காட்சிகள் ஓரத்தைச் சற்று விழுங்கும் என்பதால் எழுத்தை நடுவில் வையுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, விண்டோஸ் 7 உடன் வந்த டிவிடி மேக்கர் 2012இல் வந்த விண்டோஸ் 8 இலேயே இல்லை. அப்பிளின் ஐடிவிடியும் அடோபியின் என்கோரும் நின்றுவிட்டன. டிவிடி ஸ்ரைலர் என்ற இலவச மென்பொருளே இவ்வேலைக்குப் போதுமானது. புதிய கணினிகளில் தட்டுச் செலுத்தும் வாய் இல்லாததால் யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி எழுதி ஒன்று வேண்டும்.

எழுதும்போது டிவிடி மைனஸ் ஆர் தட்டு பழைய இயந்திரங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஆகக்கூடிய வேகத்தில் எழுதாமல் நடுத்தர வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் தெரிவையும் குறியிடுங்கள். தட்டின் மேல் தாள் ஒட்டக்கூடாது. இறுவட்டுக்கென விற்கும் மைப்பேனாவால் நடு வளையத்தை ஒட்டி எழுதுங்கள். வீட்டில் எழுதிய தட்டில் சாயப் படலம் ஒன்று உண்டு. வெயிலில் அது கெடும். எனவே இறுவட்டு பார்ப்பதற்கான பிரதி, மூலப்பிரதிகளே சொத்து. அவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில், முடிந்தால் வேறொரு நாட்டில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். ஒரே இடத்தில் இருந்த ஒரே பிரதிக்கு என்ன நேரும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நம் சமூகம் கண்டது. 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் அல்பத்தையே கொண்டுவர முடியாதவர்கள் எத்தனை பேர்!

ஆலய நூலகத்துக்குப் பிரதி கொடுப்பதாயின் படத்தில் உள்ள குடும்பங்களை முதலிற் கேட்டுக்கொள்வது மரியாதை. கருவறையைப் படமெடுக்க அனுமதியில்லாத ஆலயங்களின் விதியையும் மதிக்க வேண்டும். யூரியூப்பில் ஏற்றுகிறவர்கள் விளக்கக் குறிப்பில் நேரத்தையும் பெயரையும் எழுதினால் அங்கும் அத்தியாயம் பிரியும். முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது.

இரண்டாவது ஒலித்தடம்

இப்போது சொல்லப்போவதைத்தான் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அத்தியாயத்துக்குப் பெயர் வைக்க யாருக்குத் தெரியும்? 1999ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்தில் அறுபது வயதில் முன்னின்று ஓடியாடியவர் இன்று எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். 1985இல் ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் ஆலயக் கும்பாபிஷேகத்தை நடுவயதில் நின்று கண்டவர்கள் எத்தனை பேர் நம்மோடு இருக்கிறார்கள்? தவில் வாசிப்பவர் யார், எந்த ஊரிலிருந்து அழைத்தார்கள், கும்பம் தூக்கிச் செல்லும் வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் யார், மடைப்பள்ளியில் முதுகு காட்டி நிற்கும் பெண்மணிகள் யார்யார் என்பது நாடாவில் பதியவில்லை. அது அவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. கெட்டுப்போன நாடாவிலிருந்துகூட நிபுணர்கள் சிறிது மீட்டுத் தருவார்கள். இதை மீட்டுத்தர எந்தக் கடையும் இல்லை.

டிவிடியில் ஒரு படத்துடன் எட்டு ஒலித்தடங்கள் வரை பதிய இடமுண்டு. சினிமாக் கம்பனிகள் பல மொழிகளுக்காக வைத்த ஏற்பாடு அது. நாம் இரண்டாவது தடத்தைப் பெரியவர்களுக்குக் கொடுப்போம். முதல் தடத்தில் மேளமும் மந்திரமும் இருந்தபடி இருக்கும். இரண்டாவதில் அதே ஒலி மெல்லிதாகப் பின்னணியில் கேட்க, அப்பப்பாவோ அம்மம்மாவோ பேசுவார்கள். ரிமோட்டில் ஓடியோ பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்.

செய்யும் முறை கடினமானதல்ல. மூலப்பிரதியைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, பெரியவரை எதிரே இருத்தி, கைத்தொலைபேசியை அருகில் வைத்துக் குரலைப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், அந்தச் சத்தத்தை வைத்துப் பின்னர் படத்தோடு பொருத்தலாம். ஒரு முறைக்கு முக்கால் மணித்தியாலம் போதும். அவர்களுக்கும் களைப்பு வரும், பழைய முகங்களைப் பார்க்கும்போது மனமும் கலங்கும். கேள்வி கேட்பதற்குப் பேரப்பிள்ளை ஒருவர் இருப்பது நல்லது. நாம் கேட்டால் 'உனக்குத் தெரியுந்தானே' என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை கேட்டால் முதலிலிருந்து சொல்வார்கள். ஆண்டு தவறாகச் சொன்னால் இடையில் திருத்த வேண்டாம். வேறோர் உறவினரின் நினைவு மாறுபட்டால் அவரையும் பேசவிடுங்கள். இன்னும் ஆறு தடங்கள் மீதியிருக்கின்றன.

டிவிடி ஸ்ரைலரில் தலைப்பு ஒன்றுக்கு இரண்டாவது ஒலிக் கோப்பைச் சேர்க்கலாம். அதன் நீளம் படத்தின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும். பேச்சில்லாத இடங்களில் பின்னணி ஒலி மட்டும் ஓடட்டும். தமிழ் குறைவாக விளங்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அடியெழுத்தும் சேர்க்கலாம். 32 அடியெழுத்துத் தடங்கள் வரை இடமுண்டு. டிவிடியில் அடியெழுத்து எழுத்தாக அல்லாமல் படமாகவே பதிவதால், தமிழிலும் இட்டால் தமிழ் அறியாத இயந்திரத்திலும் அது சரியாகத் தெரியும்.

இதே படத்தையும் இரு ஒலித்தடங்களையும் அத்தியாயப் பெயர்களையும் எம்கேவீ என்ற ஒரே கோப்பினுள் வைக்கவும் முடியும். எம்கேவீ ரூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். டிவிடி இயந்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை யூஎஸ்பியில் கொடுத்துவிடலாம்.

தொடங்குகிறவர்கள் பெட்டியில் உள்ள கசெற்றுகளுள் மிகப் பழையதை முதலில் எடுக்க வேண்டாம். அதில் வரும் பெரியவர்களுள் மிக முதியவர் எதில் அதிகம் தெரிகிறாரோ அந்தக் கசெற்றை முதலில் எடுங்கள்.